கல்லூரித் தெருவில் கற்ற பாடம்

பிழைப்பை நாடி வெளியூர் செல்லும் தமிழனுக்குப் பெற்றோர் சொல்லியனுப்பும் அறிவுரைகளுள் ஒன்று எல்லா வீட்டிற்கும் பொது. “போன இடத்தில் அரசியல் பேசாதே, மதம் பேசாதே, உன் வேலை உண்டு, நீ உண்டு என்று இரு” என்பதே அது. 1978-ஆம் ஆண்டில் கும்பகோணம் ரயில் நிலையத்தில் என் தந்தையாரும் இதையே கூறி என்னைக் கல்கத்தாவிற்கு வழியனுப்பினார். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்தான். அதனைக் கடைப்பிடித்து நம்மில் பலர் எவர் பகையும் இன்றிக் காலங்கழித்திருக்கிறோம். எனினும், அந்த மௌனத்திற்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதை, சென்ற மார்கழியில் மீண்டும் கல்கத்தா சென்றபோதுதான் நான் எண்ணிப் பார்த்தேன். அப்பயணத்தைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குச் சிறிது சொல்ல விழைகிறேன்.

2001-ஆம் ஆண்டு முதல் அந்நகரின் பெயர் கொல்கத்தா. என் நாவிற்கோ அது இன்னும் கல்கத்தாவாகவே இருக்கிறது. அங்கே ஒன்பது ஆண்டுகள் அலுவல் பார்த்தேன். பின்னர் மாற்றலாகி இந்நகருக்கு வந்தவன் இங்கேயே வேரூன்றிவிட்டேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து அங்கே செல்லும் வாய்ப்பைத் தந்தவள் என் பேத்தி. கல்லூரிப் படிப்பிற்காகச் சென்ற ஆண்டு அவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். “தாத்தா, நீங்கள் ஓயாமல் சொல்லும் காப்பி ஹவுஸை எனக்குக் காட்டுங்கள்” என்று எழுதியிருந்தாள்.

காளிகாட்டில் மெட்ரோ ரயில் ஏறி, மகாத்மா காந்தி சாலை நிலையத்தில் இறங்கி நடந்தோம். சற்றுத் தொலைவில் காலேஜ் ஸ்டிரீட் எனப்படும் கல்லூரித் தெரு தொடங்குகிறது. நடைபாதையின் இரு மருங்கிலும் பலகைகளாலும் தகரத்தாலும் அமைந்த புத்தகக் கடைகள். மருத்துவ நூலுக்கு அருகில் மாணவர்க்கான வினா விடை. அதனருகே அட்டை கிழிந்த பழைய ஆங்கில நாவல். வங்காளியர் இவ்விடத்தைப் ‘பொய் பாடா’ என்பர். அவர்கள் மொழியில் ‘பொய்’ என்றால் புத்தகம். புத்தகமெல்லாம் பொய் என்று தமிழன் செவியில் விழும் இச்சொல்லைக் கேட்டு, புதிதாகச் சென்ற நாளில் நான் சிரித்ததுண்டு.

என் பேத்தி கடைப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வங்காளியில் படித்துக்கொண்டே வந்தாள். ஓராண்டில் அவள் எழுத்தைக் கற்றுவிட்டாள். ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அந்த எழுத்தில் ஒன்றையும் அறியாத நான் அவள் பின்னே நடந்தேன்.

அத்தெரு பேச்சுக்குப் பேர் போனது. அந்தப் பேச்சினால் துன்புற்றவரும் பலர். 1817-இல் தோன்றிய ஹிந்துக் கல்லூரியே பிற்காலத்தில் பிரசிடென்சி கல்லூரியாகி, 2010 முதல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அந்த ஹிந்துக் கல்லூரியில் 1826-இல் ஆசிரியராக அமர்ந்த ஹென்றி டெரோசியோவிற்கு அப்போது வயது பதினேழு. எதனையும் கேள்வி கேட்டுத் தெளிந்த பின்னரே ஏற்க வேண்டும் என்று அவர் மாணவர்க்குக் கற்பித்தார். கடவுள் உண்டா, சாதி தகுமா, பெண்கள் கற்க வேண்டாமா என்றெல்லாம் மாணவர் வாதிடத் தொடங்கினர். பெற்றோர் வெகுண்டனர். 1831-இல் அவர் பதவி விலக நேர்ந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே வாந்திபேதி கண்டு, இருபத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

அங்கிருந்து சில அடி நடந்தால் குளத்தோடு கூடிய கல்லூரிச் சதுக்கம். அங்கே ஈசுவர சந்திர வித்யாசாகரின் சிலை இருக்கிறது. கைம்பெண் மறுமணத்திற்குச் சாத்திரத்திலேயே சான்று காட்டி வாதிட்டவர் அவர். அவருடைய விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவர்களைக் காட்டிலும், எதிர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டோர் பல மடங்கு அதிகம். அவ்வாறிருந்தும் 1856-இல் மறுமணச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சிலையின் முன் என் பேத்தியிடம் வேறொரு செய்தியையும் கூறினேன். 1970-இல் நக்சல் இயக்கத்து இளைஞர் இச்சதுக்கத்தில் இருந்த வித்யாசாகர் சிலையின் தலையைத் துண்டித்தனர். சுற்றியுள்ள கல்லூரிகளில் படித்த கூர்மதி படைத்த மாணவர் பலர் அவ்வியக்கத்தில் இருந்தார்கள். பின்னும் 2019 மே மாதத்தில், தேர்தல் ஊர்வலத்தின்போது எழுந்த கலவரத்தில், அவர் பெயர் தாங்கிய கல்லூரியிலிருந்த மார்பளவுச் சிலை உடைக்கப்பட்டது. உடைத்தவர் யார் என்று கட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று பழி கூறின. ஆகவே, பேச்சு மிகுந்த ஊரில் பூசல் இராது என்று எவரும் எண்ண வேண்டா. வாதிட்டவர்கள் ஒருவர் சொல்லுக்கு மற்றவர் செவி கொடுப்பதை நிறுத்தும் நாள் எங்கும் வரக்கூடும்.

பிரசிடென்சிக்கு எதிர்ப்புறச் சந்தில் இருக்கிறது காப்பி ஹவுஸ். 1876-இல் தோன்றிய ஆல்பர்ட் ஹால் என்னும் பழைய மண்டபத்தில், 1942-இல் காப்பி போர்டு இதனைத் தொடங்கியது. 1958-இல் மூடிவிட முனைந்தபோது, பேராசிரியர்கள் அரசாங்கத்திற்கு விண்ணப்பித்துத் திறக்கச் செய்தார்கள் என்பர். அது முதல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கமே நடத்தி வருகிறது. படியேறிச் சென்றால் உயர்ந்த கூரையும் சுழலும் விசிறிகளும் கொண்ட பெருங்கூடம். மேலே சுற்றிலும் மாடம். சுவரில் தாகூரின் பெரிய படம். விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்த பணியாளர் மேசைகளுக்கிடையே நுழைந்து செல்கிறார்கள். பால் சேராத கறுப்புக் காப்பிக்கு இங்கே ‘இன்ஃபியூஷன்’ என்று பெயர். நம் வீட்டு வடிகட்டிக் காப்பிக்குப் பழகிய நாக்கிற்கு அது கஷாயமே. காப்பிக்காக அங்கே செல்வோர் யார்? ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசலாம். எழுந்து போகச் சொல்வார் இல்லை. இந்தக் கூடிப் பேசும் வழக்கத்தை வங்காளியர் ‘அட்டா’ என்பர். நம் ஊர்த் திண்ணைப் பேச்சை நினைத்துக்கொண்டால் அதன் இயல்பு ஒருவாறு விளங்கும்.

அங்கே என் பழைய நண்பரும் அவர் மனைவியாரும் எங்களுக்காகக் காத்திருந்தனர். என்னினும் நான்கைந்து ஆண்டு மூத்தவர். ‘தாதா’ என்றே அவரை நான் அழைப்பது வழக்கம். அவர் மனைவியாரை ‘பௌதி’, அதாவது அண்ணி, என்பேன். இச்சந்திப்பை நான் அஞ்சிக்கொண்டே இருந்தேன். காரணம் சொல்ல வேண்டும்.

1986-ஆம் ஆண்டு. புதிய கல்விக் கொள்கையை ஒட்டித் தமிழ்நாட்டில் மீண்டும் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டிருந்த காலம். அதே கூடத்தில் ஒரு மாலை, “உங்கள் மக்கள் நாட்டைப் பிளக்கிறார்கள்” என்றார் அவர். நான் பொறுக்கவில்லை. “மொழிக்காக 1952 பிப்ரவரி 21-இல் டாக்காவில் உயிர் துறந்தோர் யாருடைய மக்கள்? 1961 மே 19-இல் அசாமின் சில்சரில் சுட்டு வீழ்த்தப்பட்ட பதினொருவர் யாருடைய மக்கள்? உங்கள் மொழிக்கென்றால் தியாகம். எங்கள் மொழிக்கென்றால் பிளவா?” என்று கேட்டேன். அவர் குடும்பம் கிழக்கு வங்கத்துப் பாரிசாலிலிருந்து வந்தது. சொல் தைத்தது. அவர் சாளரத்தின் வழியே ஒரு பெயர்ப்பலகையைச் சுட்டி, “எட்டு ஆண்டுகளாக எங்கள் சோற்றை உண்கிறீர்களே, அதைப் படியுங்கள் பார்க்கலாம்” என்றார். நான் படிக்க அறியேன். பாதிக் கோப்பையை அப்படியே விட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த ஆண்டு மாற்றலாயிற்று. பின்னர் எங்களுக்குள் பூஜை வாழ்த்தும் பொங்கல் வாழ்த்தும் தவிர வேறு கடிதம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நலம் விசாரித்தோம். நடந்ததை ஒருவரும் எழுதவில்லை.

அமர்ந்த சிறிது நேரத்தில் தாதாவே பேச்சைத் தொடங்கினார். “அன்று நீங்கள் டாக்காவையும் சில்சரையும் கூறியபோது என்னிடம் விடை இல்லை. விடை இல்லாதவன்தான் ‘எங்கள் சோறு’ என்பான். அச்சொல்லுக்காக இத்தனை ஆண்டுகள் வெட்கப்பட்டேன்” என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. “சோற்றைப் பற்றிச் சொன்னது பிழை. பலகையைப் பற்றிச் சொன்னது பிழையன்று” என்றேன். “தமிழ் தழைக்க வேண்டும் என்று முழங்கிய நான், நான் வாழ்ந்த ஊரின் மொழியை ஒருநாளும் மதித்துக் கற்கவில்லை. வேலைக்கு ஆங்கிலம் போதும் என்றிருந்தேன்.” உடனே மற்றதையும் கூறினேன். “நீங்களும் ஒன்பது ஆண்டுகள் என்னை மதராசி என்றுதான் பிறர்க்கு அறிமுகம் செய்தீர்கள். என் மொழியின் பெயர் என்ன, அதில் என்ன நூல் உண்டு என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை.” அவர் சற்று யோசித்து, “ஆம், கேட்டதில்லை” என்றார்.

பௌதி இதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர், சிரித்துவிட்டு ஒன்று சொன்னார். “இவரும் இவர் தோழர்களும் எங்கள் வீட்டு வாயிலில் அமர்ந்து உலகத்தையெல்லாம் திருத்தினார்கள். உள்ளே தேநீர் வைத்தவள் நான். பெண் விடுதலை பற்றி அவர்கள் வாதிட்ட மாலையில் மட்டும் பதினான்கு கோப்பை கழுவினேன். உன் கருத்து என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.” தாதா தலை குனிந்தார். சுற்றிலும் பார்த்தேன். இன்று அக்கூடத்தின் மேசைகளில் பெண்களும் ஆண்களுக்கு நிகராக அமர்ந்து உரத்து வாதிடுகிறார்கள். அது நல்ல மாற்றம்.

என் பேத்திக்குத் துணிவு வந்துவிட்டது. “தாது, வங்காளத்தில் சாதி இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் மணமக்கள் தேவை என்னும் பக்கத்தைப் படித்தேன். காயஸ்தர், வைத்தியர், பிராமணர் என்று வரிசையாக இருக்கின்றனவே?” என்று கேட்டாள். தாதா மழுப்பவில்லை. தம் தங்கை வேறு சாதியில் மணம் செய்துகொள்ள விரும்பியபோது, மேடையில் சமத்துவம் பேசிய தாமே அதனைத் தடுத்ததாகக் கூறினார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்கள் ஊரில் எப்படி?” என்றார்.

“எங்கும் இருப்பதுதான்” என்று சொல்லிவிட்டு, தாகூர் படம் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பேச்சை மாற்றினேன்.

“அன்று நாற்காலியை விட்டு எழுந்து போனீர்கள்; இன்று நாற்காலியில் அமர்ந்தபடியே எழுந்து போகிறீர்கள்” என்றார் தாதா. எல்லோரும் நகைத்தோம். என் பேத்தி நகைக்கவில்லை.

மறுநாள் காலை அவளும் நானும் ஜோராசாங்கோவிலுள்ள தாகூர் இல்லத்திற்குச் சென்றோம். கிரீஷ் பார்க் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவுதான். சிவந்த சுவரும் பச்சை வண்ணச் சாளரங்களும் கொண்ட பெருமனை. 1962-இல் தோன்றிய ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் காட்சியகம் இப்போது அதில் உள்ளது. இவ்வில்லத்தில் 1921 செப்டம்பரில் காந்தியடிகள் வந்து கவிஞருடன் உரையாடினார். அந்நிய ஆடையை எரிப்பதும் பள்ளியைப் புறக்கணிப்பதும் கவிஞருக்கு உடன்பாடு அல்ல. உடன் இருந்தவர் சி. எப். ஆண்டுரூஸ் மட்டுமே. உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருக்க, வெளியே முற்றத்தில் அன்பர்கள் அயல்நாட்டுத் துணியைக் கொளுத்தினர் என்று தாகூர் பின்னர் கூறியதை எல்ம்ஹர்ஸ்ட் எழுதி வைத்திருக்கிறார்.

உரையாடலால் இருவரும் ஒன்றுபட்டுவிடவில்லை. அடுத்த மாதமே தாகூர் தம் மறுப்பை ‘மாடர்ன் ரெவ்யூ’ இதழில் வெளியிட்டார். காந்தியடிகள் ‘யங் இந்தியா’வில் விடை எழுதினார், அதற்கு அவர் இட்ட தலைப்போ ‘மாபெரும் காவலர்’ என்பது. தம்மை மறுத்தவருக்கு அவர் தந்த பெயர் அது. 1925-இல் இராட்டையைப் பற்றி மீண்டும் வாதம். 1932-இல் எரவாடாச் சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பை முடித்தபோது, அருகில் அமர்ந்து பாடியவர் அதே தாகூர்.

1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். அப்போது தமிழ்நாட்டில் அரிசன யாத்திரையில் இருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் தந்த தண்டனை அது என்று திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசினார். தீண்டாமையைத் தாகூரும் வெறுத்தவரே. எனினும் இயற்கையின் நிகழ்ச்சிக்கு இத்தகைய காரணம் கற்பிப்பது மக்களின் அறிவை மழுங்கச் செய்யும் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அக்கண்டனத்தைக் காந்தியடிகள் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே அச்சிட்டு, தம் விடையையும் உடன் வெளியிட்டார். 1940-இல் சாந்திநிகேதனம் சென்ற அவரிடம், தம் காலத்திற்குப் பின் விசுவபாரதியைக் காத்தருளுமாறு கவிஞர் வேண்டிக்கொண்டார். கருத்து ஒன்றாகாமலே இருபது ஆண்டுகள் நெருங்கி வாழ முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

தாழ்வாரத்தில் சற்று அமர்ந்தோம். பாரதியார் இந்நகரில் நிவேதிதா தேவியைச் சந்தித்த வரலாற்றை அவளுக்குக் கூறினேன். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று தேவியார் கேட்டாராம். அப்படி அழைத்துவருவது எங்கள் வழக்கமன்று என்பதுபோல் பாரதியார் விடை கூறினாராம். மக்களுள் பாதியை அடிமையாக வைத்துவிட்டு விடுதலை எப்படிப் பெறுவீர் என்னும் கருத்துப்பட அவர் கடிந்துகொண்டதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். பாரதியார் சினந்து எழவில்லை. அவரைத் தம் குருவாகக் கொண்டு, 1908-இல் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலை அவர்க்கே உரிமையாக்கினார். நட்புக்கு இடித்துரைத்தலும் ஓர் இலக்கணம் என்று வள்ளுவர் வகுத்தாரே, அதனை நம்மவர் ஒருவர் கல்கத்தாவில் வாழ்ந்து காட்டினார் என்றேன்.

“தாத்தா, பாரதியாரைப் பற்றிச் சொல்கிறீர்கள். நேற்று அவர் கேட்டதற்கு நீங்கள் விடை சொல்லவில்லையே” என்றாள் அவள்.

அன்று மாலை லேக் மார்க்கெட்டுப் பக்கம் சென்றோம். முருங்கைக்காயும் வாழையிலையும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகள், பூச்சரம், காப்பித்தூள் அரைக்கும் மணம். அந்த இடத்தில் மட்டும் நான் ஊரிலேயே இருக்கிறேன் என்று அக்காலத்தில் எண்ணுவேன். ஒரு சிறு உணவகத்தில் வட்டாவும் டம்ளருமாகக் காப்பி வந்தது. டம்ளரைக் கையில் எடுத்தபோது எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பத்தாம் வயதில், எங்கள் ஊர்ச் சாலை முனையில் தேநீர்க் கடை ஒன்று இருந்தது. எங்களுக்குக் கண்ணாடிக் குவளை. என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கொட்டாங்கச்சி. பள்ளியில் ஒரே பலகையில் அமர்வோம். கணக்கில் எனக்கு உதவி செய்பவன் அவன். கடைக்கு வந்தால் அவன் தள்ளி நின்று குடித்து, அதனை எறிந்துவிட்டு வருவான். நான் அதனைப் பார்த்தேன். பல நாள் பார்த்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணை பெரியது; ஊரார் பலர் அமர்ந்து பேசுவர். அதில் அவன் ஒருநாளும் அமர்ந்ததில்லை. திண்ணைப் பேச்சின் இனிமையை நான் பலமுறை உனக்குச் சொல்லியிருக்கிறேன். இதனைச் சொன்னதில்லை என்று பேத்தியிடம் கூறினேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அவர் இப்போது எங்கே இருக்கிறார்?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது இன்னும் கடினமான விடையாக இருந்தது. “அப்பாவுக்கு இது தெரியுமா?” என்றாள். என் மகனிடமும் நான் சொன்னதில்லை. ஊரை விட்டு வந்தபோது அக்கதையையும் விட்டு வந்துவிட்டோம் என்று எண்ணியிருந்தேன். இந்நகரில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊரின் கோயிலையும் குளத்தையும் மட்டும் காட்டினோம். அவர்கள் மற்றவற்றை வெளியே படித்துத் தெரிந்துகொண்டு, நாம் ஏன் மறைத்தோம் என்று நம்மைப் பார்க்கிறார்கள்.

அன்பர்களே, வெளியூரில் வாழும் நாம் இருவகை மௌனம் பழகியிருக்கிறோம். அண்டை வீட்டாரிடம் விருந்தினர் போல் மௌனம். நம் பிள்ளைகளிடம் பெரியவர் என்னும் மௌனம். மொழி, சாதி, மதம், கட்சி, பிள்ளைகளின் திருமணம் ஆகியவை பற்றி நம் வீடுகளில் கருத்து வேற்றுமை இல்லையா? உண்டு. கூட்டத்தில் அவற்றைத் தொட அஞ்சி, பட்டிமன்றத்திற்குப் பழம் இலக்கியத் தலைப்புகளையே தேடுகிறோம். நண்பர் ஒருவரை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறோம். ஆனால் நான் என் நண்பரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இழந்திருந்தது வாதிட்டதனால் அன்று. வாதிட்டபின் எழுந்து போனதனால்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டம் முடிந்த பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இளையோர் கேட்கட்டும், முதியோர் மறைக்காமல் விடை சொல்லட்டும், பெண்கள் தேநீர் வைக்க எழ வேண்டா, அதனை ஆண்கள் பார்த்துக்கொள்வோம். விதி ஒன்றே போதும்: எவ்வளவு கசந்தாலும் அடுத்த மாதமும் வந்து அதே வட்டத்தில் அமர வேண்டும்.

நான் இந்நகரின் மொழி எழுத்துகளைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். எழுபது வயதிற்கு மேல் கை நடுங்குகிறது. எனினும் எங்கள் தெருப் பலகையைப் படித்துவிட்டேன். இவ்வாண்டு பொங்கலுக்குத் தாதாவிடமிருந்து வாழ்த்து மட்டும் வரவில்லை. மூன்று பக்கக் கடிதம் வந்தது. இந்தியைப் பற்றி நான் கூறியவற்றுள் எவையெவை தவறு என்று வரிசைப்படுத்தியிருக்கிறார். விடை எழுதிக்கொண்டிருக்கிறேன்.